பழைய ஸ்வெட்டரைப் பிரிக்கலாம்

தீபாவளி முடிந்த கையோடு நம் சங்கத்தில் பழைய கம்பளி உடைகள் சேகரிப்பது வாசக அன்பர்கள் அறிந்ததே. பாலத்தடியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் குளிரில் சுருண்டு கிடப்பவர்களுக்கும், நம் காலனிகளில் இரவெல்லாம் விழித்திருக்கும் சௌகீதார்களுக்கும் கொடுப்பதற்காக அங்கத்தினர் வீடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து சேரும். நல்ல காரியம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடந்த இரண்டு குளிர்காலமாக அந்த மூட்டைகளை அவிழ்த்துத் தரம் பார்க்கும் வேலை, ரிட்டயர் ஆனவன் என்ற ஒரே தகுதியின் பேரில் என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த அனுபவத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டது. கமிட்டியில் சொன்னேன், சிரித்தார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மூட்டையில் முக்கால்வாசி கடையில் வாங்கிய அக்ரிலிக் ஸ்வெட்டர்கள். அவற்றைத் துவைத்து அப்படியே கொடுத்துவிடலாம். அடியில் கிடப்பவைதான் விஷயம். பாச்சை உருண்டை வாசனையோடு யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்தோ வந்த கைப்பின்னல் ஸ்வெட்டர்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பின்னியவை. முழங்கையில் ஓட்டை, மணிக்கட்டுப் பட்டி தொளதொளத்துப் போயிருக்கும், அளவு யாருக்கும் பொருந்தாது. ஆனால் தொட்டால் தெரியும், அசல் கம்பளி நூல். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். சென்ற ஜனவரியில் நாங்கள் கொடுத்த அப்படிப்பட்ட ஒன்றை, மறுவாரமே ஒரு டீக்கடைக்காரர் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக வைத்திருந்ததைப் பார்த்தேன். அவர் மேல் தப்பில்லை. ஓட்டை விழுந்த, அளவு பொருந்தாத ஸ்வெட்டரை வேறு என்ன செய்வது?

அதைக் கொடுக்கும் முன் நாம் பிரித்திருக்க வேண்டும் என்கிறேன். பிரித்து, நூலாக்கி, அலசி, மறுபடி பின்னி, அதற்குப் பிறகு கொடுத்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் பழைய பட்டுப்புடவையை யாரும் சும்மா எறிவதில்லை. ஜரிகைக்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். பட்டு இற்றுப்போனாலும் ஜரிகைக்கு விலை உண்டு என்று எல்லாப் பாட்டிக்கும் தெரியும். நைந்த நூல்புடவை குழந்தைக்குத் தூளியாகும், பிறகு கிழிந்து பாத்திரம் துடைக்கும். எந்தத் துணியில் எது மிஞ்சும் என்ற கணக்கு நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஆனால் கம்பளி நமக்கு அந்நியம். இங்கே வந்து சேர்ந்த பிறகு கற்றுக்கொண்ட சரக்கு. அதனால்தான் அதற்குள் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்காமல் மூட்டை கட்டிவிடுகிறோம்.

எவ்வளவு அந்நியம் என்பதற்கு ஓர் உதாரணம். 1985-ல் கல்யாணமாகி என் மனைவி மொராதாபாத் ரயில்வே காலனிக்கு வந்த முதல் அக்டோபரில், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் கதவைத் தட்டி, ‘ஊன்’ வாங்கியாகிவிட்டதா என்று கேட்டார். இந்தியில் ஊன் என்றால் கம்பளி நூல். இவள் பதறிப்போய், அப்போது தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளை வைத்து, நாங்கள் சைவம், அதெல்லாம் தொடமாட்டோம் என்று விளக்கியிருக்கிறாள். அந்த அம்மாள்தான் பிறகு இவளுக்குப் பின்னல் குரு. இரண்டு சலாய், ஒரு ‘சீதா’, ஒரு ‘உல்டா’. நேர்க்கண்ணி, மறுகண்ணி, அவ்வளவுதான் மொத்த வித்தையும் என்பார். நவம்பர் பிறந்தால் காலனி முழுக்க வெயிலில் கயிற்றுக் கட்டில் போட்டு எல்லாப் பெண்களும் பின்னிக்கொண்டிருப்பார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஸ்வெட்டரில் புது டிசைன் தெரிந்தால் அவர் இறங்குவதற்குள் கண்ணியை எண்ணி மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆண்களுக்கும் ஒரு வேலை உண்டு. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, நூல் சுற்றும் கழியாக அசையாமல் உட்காருவது. நானும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கிரிக்கெட் வர்ணனை கேட்கத் தடையில்லை.

ஆனால் புது நூல் வாங்குவது எப்போதாவதுதான். செப்டம்பர் கடைசியில் எல்லா வீட்டிலும் முதல் வேலை, போன வருஷத்து ஸ்வெட்டர்களைப் பிரிப்பது. அப்பாவுக்குச் சிறுத்துப்போனது மூத்தவனுக்கு. மூத்தவனுடையது இளையவளுக்கு. கடைசியில் மப்ளர், குல்லா, காலுறை.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் ஏற்பட்டதில்லை, ஏனென்றால் நான் பார்த்த உத்தியோகமும் இதேதான். நான் இருப்புப்பாதைக்காரன். மெயின் லைனில் போட்ட தண்டவாளத்தைக் காலம் முடிந்து கழற்றினால் நேரே உருக்கு உலைக்கு அனுப்புவது கிடையாது. தேய்மானத்தை அளந்து, விரிசல் இல்லை என்று பார்த்து, தேறியதை ‘செகண்ட் ஹாண்ட்’ என்று தனியே அடுக்குவோம். முனைகள் மட்டும் அடிபட்டிருந்தால் அந்த முனைகளை வெட்டிவிட்டு லூப் லைனிலும் சைடிங்கிலும் மறுபடி போடுவோம். அங்கேயும் ஓய்ந்த பிறகு வேலிக்கம்பமாக எங்காவது நிற்கும். உலை எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு பொருளை எவ்வளவு குறைவாகக் கலைத்து மறுபடி உபயோகிக்கிறோமோ அவ்வளவு மிச்சம் என்பது எங்கள் டிபார்ட்மெண்டில் புத்தகம் படிக்காத கேங்மேனுக்கும் தெரியும். முழங்கை நைந்த ஸ்வெட்டருக்கும் இதே கணக்குதான். நைந்த இடத்து நூலை வெட்டி எறி. மீதி நூல் நன்றாகத்தான் இருக்கிறது.

‘அதற்குத்தான் பானிப்பட் இருக்கிறதே’ என்றார் கமிட்டியில் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. டில்லியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். உலகத்தின் பழைய கம்பளி உடைகள் பல காலமாக அங்கே வந்து இறங்குகின்றன. கப்பலில் வருவதைப் புதுசு என்று யாரும் விற்றுவிடக் கூடாதென்று கிழித்தே அனுப்ப வேண்டும் என்பது விதி. பெண்கள் உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து நிறம் நிறமாகப் பிரித்துப் போடுவார்கள். சாயம் போட வேண்டியதில்லை. சிவப்புத் துணி சிவப்பு நூலாகும். முள் உருளை பொருத்திய இயந்திரம் துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கும், அதை நூற்று மலிவுக் கம்பளி நெய்வார்கள். வெள்ளம், பூகம்பம் என்றால் நிவாரணமாகப் போகும் சாம்பல் நிறக் கம்பளி அங்கே நெய்ததாகவே பெரும்பாலும் இருக்கும். இந்தத் தொழிலை முதலில் தொடங்கியவர் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்து பேட்லி ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் லா, 1813-ல். அந்த நூலுக்கு ‘ஷாடி’ என்று பெயர். மட்டமான வேலை எதற்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது என்பதிலிருந்து சரக்கின் தரத்தை ஊகிக்கலாம். பானிப்பட்டிலும் இப்போது பாலியெஸ்டர் கம்பளி வந்து ஷாடியை ஓரம் கட்டிக்கொண்டிருக்கிறது.

பானிப்பட்டை நான் குறைவாகப் பேசவில்லை. துண்டு துண்டாக வெட்டித் தைத்த துணிக்கு அதுதான் சரியான இடம். ஆனால் இயந்திரம் பிய்க்கும்போது இழை அறுந்து குட்டையாகிறது; குட்டை இழையில் நூற்ற நூலுக்கு வலு கிடையாது. கையால் பிரித்தால் நூல் நூலாகவே வருகிறது, இழைக்குச் சேதமில்லை. முழுசாகக் கிடைக்கிற தண்டவாளத்தை உலையில் போடுவானேன்?

இனி எப்படிப் பிரிப்பது என்பதைப் பார்க்கலாம். உடையை உள்பக்கம் திருப்பி, பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். பனியனில் இருப்பதுபோல் பல நூல் ஓட்டிய ஓவர்லாக் தையல் என்றால், துணியாகப் பின்னி வெட்டித் தைத்தது என்று அர்த்தம். ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே அறுந்திருக்கும். பிரித்தால் முழ நீளத் துண்டுகள்தான் கையில் வரும். விட்டுவிடுங்கள். இரண்டு ஓரங்களும் சங்கிலி மாதிரி ஒழுங்காக முடிந்து, நடுவே ஒற்றை நூலால் இணைத்திருந்தால் அது நமக்கு வேண்டியது. அந்த இணைப்பு நூலை மட்டும் கத்தரிக்க வேண்டும். இதில் அவசரப்படக் கூடாது. ஸ்வெட்டரின் நூலும் இணைப்பு நூலும் ஒரே நிறத்தில் இருக்கும், மாற்றி வெட்டினால் போச்சு. கழுத்துப் பட்டியை முதலில் கழற்றி, பிறகு கைகளைத் தனியாக, முன்பக்கம் பின்பக்கம் தனியாக எடுத்துக்கொள்ளவும். சாதாரணமாகக் கீழிருந்து மேலே பின்னியிருப்பார்கள். பின்னல் எங்கே முடிந்ததோ அங்கிருந்துதான் நூல் சரசரவென்று வரும். ஆகவே தோளிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்புப் பட்டியிலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டு ‘வரவில்லையே’ என்று கைவிட்டவர்கள் பலர்.

வருகிற நூலை உடனே உருண்டையாகச் சுற்றாதீர்கள். நாற்காலி முதுகில் தளர்வாகச் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் பருத்தி நூலால் கட்டவும். பார்த்தால் நூடுல்ஸ் மாதிரி நெளிநெளியாக இருக்கும். பயப்பட வேண்டாம். இறுகப் பின்னிய தலைமுடியைக் காலையில் அவிழ்த்தால் நெளிந்திருக்கும், தலைக்குக் குளித்தால் நேராகிவிடும் அல்லவா? கம்பளியும் மயிர்தான், அதே புரதம், அதே குணம். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறு கலந்து அரைமணி ஊறப்போட்டு, கசக்காமல் முறுக்காமல் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தொங்கவிட்டால் போதும். சிட்டத்தின் அடியில் ஓர் ஈரத் துண்டைக் கனத்துக்குத் தொங்கவிடலாம். காய்ந்ததும் நெளிவு பெரும்பாலும் போயிருக்கும். அறுந்த முனைகளுக்கு முடிச்சு வேண்டாம். இரண்டு முனைகளையும் சற்றுப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையில் ஈரம் தொட்டு வேகமாகத் தேய்த்தால் பெரும்பாலான கம்பளி நூல் ஒட்டிக்கொண்டுவிடும். இந்த இணைப்பை முதன்முதலில் பார்த்தபோது, தண்டவாளத்துக்கு வெல்டிங் என்று நாங்கள் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அக்ரிலிக் நூலில் இது எதுவும் நடக்காது. அது பிளாஸ்டிக். தண்ணீரில் நெளிவு போகாது, சூடு காட்டினால் துவண்டுவிடும், தேய்த்தால் ஒட்டாது. எது எதென்று தெரியாவிட்டால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு பொசுங்கி, தீயை எடுத்ததும் அணைந்துவிடும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பு மணிபோல் கெட்டியாகும்.

இந்தச் சோதனையை எழுதும்போதுதான் நான் கமிட்டியில் வற்புறுத்திச் சொன்ன விஷயம். நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? இரவில் ரோட்டோரம் குப்பையும் மரத்துண்டும் போட்டு எரித்து, அந்த நெருப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு. டில்லியில் டிசம்பர், ஜனவரியில் எந்தத் தெரு முனையிலும் பார்க்கலாம். பொறி பறந்து அக்ரிலிக்கில் விழுந்தால் அது உருகித் தோலோடு ஒட்டும். கம்பளியில் விழுந்தால் ஒரு சின்ன ஓட்டையோடு போகும். பனிமூட்டத்தில் நனைந்தாலும், தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் கம்பளி தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அப்படியானால் நெருப்போரம் உட்காருகிறவனுக்கு அக்ரிலிக்கைக் கொடுத்துவிட்டு, நல்ல கம்பளியை ஓட்டை என்று ஒதுக்குவது என்ன நிர்வாகம்?

‘பாதையோரக் கடையில் மலிவாகப் புதுசே கிடைக்கிறது, இந்த உழைப்பு எதற்கு?’ என்பது எல்லோரும் கேட்பது. கூலி போட்டுப் பார்த்தால் கட்டுபடியாகாது, ஒப்புக்கொள்கிறேன். பிரிக்க இரண்டு மாலைகள், பின்ன மூன்று நாலு வாரம். ஆனால் மலிவாகக் கிடைக்கும் அந்தப் புதுசு அக்ரிலிக். அசல் கம்பளி நூல் விலையைக் கடையில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். தவிர, என் போன்ற பென்ஷன்காரனின் மாலைப் பொழுதுக்கு மணிக்கு இவ்வளவு என்று யார் கூலி கொடுக்கக் காத்திருக்கிறார்கள்?

பிரித்துப் பின்னியதைப் போடுவது ஏழ்மை என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்கு ரேஷன். பின்னல் நூலுக்கும் கூப்பன். 1943-ல் அரசாங்கமே ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்று பிரசுரம் போட்டு, இருப்பதை ஒக்கிட்டுக் காலம் தள்ளச் சொன்னது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னுவது வீட்டுக்கு வீடு நடந்தது. ரேஷன் 1949 வரை நீடித்தது. நம்மை ஆண்டவர்கள் வெட்கப்படாததற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இன்னொரு தடை இருக்கிறது, அதுதான் கடினமானது. பெட்டியில் கிடக்கும் ஸ்வெட்டர் பல வீடுகளில் வெறும் ஸ்வெட்டர் அல்ல. என் மனைவி 2019-ல் காலமானாள். அவள் எனக்குப் பின்னிய பச்சைக் கார்டிகன், சாம்பல் கோடு போட்டது, முழங்கை இரண்டும் போய்விட்டது. பூச்சியும் இரண்டு இடத்தில் வைத்துவிட்டது. பிரிக்கப் போகிறேன் என்று சென்னையில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன்.

“அம்மா பின்னினதையா பிரிக்கப் போறீங்க, அப்பா?”

“உங்க அம்மாவே அதை ரெண்டு தரம் பிரிச்சவதாம்மா” என்றேன்.

உண்மை. அந்தப் பச்சை நூல் 1986-ல் மொராதாபாத் பஜாரில் வாங்கியது. நான் பருத்ததும் 1990-ல் அம்பாலாவில் பிரித்து, போதாததற்குச் சாம்பல் நூல் சேர்த்தாள். 1997-ல் மறுபடி பிரித்து முன்பக்கம் திறந்த கார்டிகன் ஆக்கினாள். மகள் பதில் சொல்லவில்லை. சென்னையில் இருப்பவளுக்கு அது ஞாபகார்த்தம். டில்லிக் குளிரில் இருக்கும் எனக்கு அது சட்டை. அவள் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்னலில் கை இறுக்கம் என்று ஒன்று இருக்கிறது; கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். பிரித்தால் நூல் மிஞ்சும், அந்த இறுக்கம் மிஞ்சாது. ஆகவே ஒரு பாக்கெட்டை மட்டும் பிரிக்காமல் எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பிரித்தேன். பூச்சி கடித்தது போக ஒரு அரைக்கை ஸ்வெட்டருக்கு நூல் தேறியது. இதை எழுதும்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். மகள் இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை.

பின்னிக் கொடுத்தவர் எதிர் ஃபிளாட்டில் இருக்கும், பிளாக் முழுவதும் ‘பீஜி’ என்று அழைக்கும் பஞ்சாபிப் பாட்டி. வயது 78. எனக்கு மப்ளர் பின்னும் அளவுக்குத்தான் வித்தை வரும். கழுத்து வளைவு, கைக்குழி எல்லாம் கண்ணி குறைக்கும் கணக்கு, அது அவர் விரலில் இருக்கிறது. காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றால் சிரிக்கிறார். எங்கள் பிளாக்கில் முழு ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர்கள் இன்று இரண்டே பேர், இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். நம் சங்கத்திலும் எண்ணிப் பார்த்தால் அதிகம் தேறாது. நூல் இன்னும் பத்து வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருப்பார்களா?

எனவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. சேகரிப்பைத் தீபாவளிக்குப் பிறகு என்று வைக்காமல் செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் ஞாயிறு காலைகளில் நூலக அறையில் பிரிக்கும் வேலையை வைத்துக்கொள்ளலாம். ‘மகளிர் அணி பார்த்துக்கொள்ளட்டும்’ என்று ஒருவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பிரிப்பதற்கு எந்த வித்தையும் வேண்டாம், கண்ணாடியும் பொறுமையும் போதும். ரிட்டயரான ஆண்களுக்கென்றே செய்த வேலை. பின்னத் தெரிந்தவர்கள் பின்னவும், தெரியாத இளம் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்கவும் செய்யலாம். முதல் வருஷம் ஸ்வெட்டரே வேண்டாம். குல்லாவும் மப்ளரும் போதும், அளவுப் பிரச்சினை கிடையாது. ஓர் ஆண்கள் முழுக்கை ஸ்வெட்டரில் ஏறக்குறைய அரைக் கிலோ நூல் இருக்கும். குல்லா ஒன்றுக்கு நூறு கிராமுக்குள் முடிந்துவிடும். ஒரு ஸ்வெட்டருக்கு ஐந்து தலை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவருபவர்கள் தயவுசெய்து துவைத்துக் கொண்டுவரவும். வாஷிங் மெஷினில் போட வேண்டாம், கம்பளி சிக்கி இறுகிவிட்டால் பிரிக்கவே வராது. பொத்தான்களை அறுத்து எறியாமல் ஒரு கவரில் போட்டுத் தரவும். பீஜியிடம் கேட்டுவிட்டேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து செப்டம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கீழ்த்தளத்தில் அறை ஏற்பாடு செய்தால் போதுமாம், மாடிப்படி ஏற முடியாது.